"இவங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?"

கேள்வி: என் தங்கைக்குப் பார்வை கிடையாது, வங்கியில் வேலை பார்க்கிறாள். புடவைக் கடைக்குப் போனால் "இவங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்று என்னிடம் கேட்கிறார்கள். அவள் பணத்தை எடுத்துக் கொடுத்தால், "பரவாயில்லையே, தானே எண்ணித் தர்றாங்களே!" என்று பாராட்டு வேறு. நல்ல மனசோடு பேசுகிறவர்களிடம் எப்படிக் கோபப்படுவது?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: கோபமெல்லாம் வேண்டாம், நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். கடைக்காரர் கேட்டதும் தங்கை பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள், அவரே பதில் சொல்லட்டும், இரண்டாவது கேள்வி தானாகவே அவரிடம் போய்விடும்.

பாராட்டுதான் பெரிய தொல்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம், இதற்கு என்ன செய்வது? ஆஸ்திரேலியாவில் ஸ்டெல்லா யங் என்று ஒரு பத்திரிகையாளர், சக்கர நாற்காலியில் வலம் வந்தவர். அவருக்கு 15 வயது இருக்கும்போது ஊரில் யாரோ சாதனை விருதுக்குப் பரிந்துரைக்க வந்தார்களாம். எங்கள் பெண் இன்னும் எதையும் சாதிக்கவில்லையே என்று பெற்றோரே சொல்லிவிட்டார்கள்! 2014-இல் சிட்னி மேடையில் அவரே இதைச் சொல்லிச் சிரிக்க வைத்தார்.

நம் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு, பொது இடத்தில் வேண்டுமென்றே அவமதிப்பவருக்குக் குறைந்தது 6 மாதச் சிறை என்கிறது. "ஐயோ பாவம்" என்று உச்சுக் கொட்டுபவரை எந்தப் பிரிவில் பிடிப்பது?

அப்புறம், இதையெல்லாம் செய்வதற்கு முன் தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவர் என்ன நினைக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.