ராத்திரி ஸ்டேஷனுக்கு வர்ற மனநோயாளி: கேள்வி பதில்

அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல சோஷியல் ஒர்க்கர் நான். சட்டம், போலீஸ் ஸ்டேஷன் நடைமுறை பத்தி கேளுங்க.

கே: ரோட்டுல திரியற மனநோயாளியை ஸ்டேஷன்ல வெச்சிருக்கலாமா மேடம்?

லாக்கப்புல வைக்கவே கூடாது சார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், 100வது பிரிவு. தன்னைப் பாத்துக்க முடியாதவரைப் பாதுகாப்புல எடுக்கறது போலீஸான உங்க கடமை, ஏன் எடுக்கறீங்கன்னு அவருக்கே சொல்லணும், எப்படியும் 24 மணி நேரத்துக்குள்ள அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடணும். வீடில்லாதவர்னா காணாமப்போனவர்னு எஃப்.ஐ.ஆர். போட்டு குடும்பத்தைத் தேடணும், இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க.

கே: தம்பிக்கு மாத்திரை நிறுத்தலாமா?

டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்க.

கே: மனநோயாளிகளை எப்படிக் கையாளணும்னு போலீஸுக்கு ஒரு நாள் கிளாஸ் எடுத்தா போதாதா?

போதாது. அமெரிக்காவுல மெம்பிஸ்ல 1987ல கத்தியால தன்னையே வெட்டிக்கிட்டிருந்த இளைஞரை போலீஸ் சுட்டு அவர் இறந்துட்டார், அடுத்த வருஷமே நோயாளிகளோட குடும்பங்களும் போலீஸும் ஆஸ்பத்திரியும் உக்காந்து 40 மணி நேரப் பயிற்சி ஒண்ணு கொண்டுவந்தாங்க, விருப்பப்பட்டு வந்த போலீஸ்காரங்களுக்கு மட்டும். எல்லாரும் அந்த 40 மணி நேரத்தைத்தான் பேசறாங்க, ஆனா எந்த நேரம் கூட்டிட்டுப் போனாலும் திருப்பி அனுப்பாத ஒரு ஆஸ்பத்திரி அங்க இருந்துச்சு, அதான் உயிர்நாடி.

கே: அவங்ககிட்ட காசு இருக்கு, நமக்கு எதுக்கு அந்தக் கதை?

அண்ணே, காசைத்தான் நானும் சொல்றேன். மத்திய சுகாதார பட்ஜெட்டுல மனநலத்துக்கு ஒரு சதவீதம் அளவுக்குத்தான் ஒதுக்கறாங்க. போலீஸுக்கு அப்பப்போ பயிற்சி குடுக்கணும்னு அதே 2017 சட்டத்தோட 30வது பிரிவுலயே இருக்கு, பயிற்சி எடுத்த எஸ்.ஐ. ராத்திரி கூட்டிட்டு வந்தா பெட் இல்லைன்னு நாங்க சொன்னா அவர் அடுத்த தடவை வருவாரா? தமிழ்நாட்டுல 2018லேருந்து வீடற்ற மனநோயாளிகளுக்குன்னு மாவட்ட ஆஸ்பத்திரிகள்ல அவசர சிகிச்சை மீட்பு மையங்கள் வந்துச்சு, நமக்கு ஏத்த வழி அதான், ஆளும் பெட்டும் அங்க கூட்டணும்.

கே: அப்ப போலீஸே போக வேண்டாம்னு சொல்லலாமே?

கையில கத்தி இருந்தா யார் போறது? போகட்டும், கூட மனநல ஆளும் போகட்டும்.

கே: ஒரே ஒரு ராத்திரி மட்டும் லாக்கப்புல...

முதல் பதிலைப் படிங்க. கூடாது.

கே: தற்கொலைக்கு முயற்சி பண்ணினா கேஸ் வருமா?

கடுமையான மன அழுத்தத்துல இருந்தார்னுதான் எடுத்துக்கணும்னு 115வது பிரிவு சொல்லுது, தண்டிக்கக் கூடாது. 14416ங்கற மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்க, 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம்.

கே: இப்ப பஸ் ஸ்டாண்டுல ஒரு அம்மா கத்திட்டிருக்காங்க, நான் ஏட்டு, என்ன பண்ண?

லத்திய ஜீப்புலயே வைங்க. கூட்டத்தை விலக்கிட்டு ஒருத்தர் மட்டும், கொஞ்சம் தள்ளி நின்னு மெதுவா பேசுங்க, பேரைக் கேளுங்க, தண்ணி குடுங்க. பெண் போலீஸை வரச்சொல்லிட்டு 108க்கு அடிங்க.