இரவல் கவசம்

அன்புள்ள மேடம்,

எனக்கு 25 வயது. தாம்பரத்தில் அம்மாவோடு இருக்கிறேன். ஐ.டி. கம்பெனியில் நைட் ஷிஃப்ட் சப்போர்ட் வேலை. என் பிரச்சினையைச் சொன்னால் சிரிப்பீர்களோ என்று பயமாக இருக்கிறது. அம்மாவே "இதெல்லாம் ஒரு கவலையாடி?" என்றுதான் கேட்கிறாள்.

நான் காஸ்பிளே செய்கிறவள். அனிமே, காமிக்ஸ், கேம்களில் வரும் ஆட்களின் உடை, கவசம், ஆயுதம் எல்லாம் செய்து போட்டுக்கொண்டு அந்த ஆளாகவே நடமாடுவது. கல்லூரியில் இரண்டாம் வருஷம் ஆரம்பித்தது. நாலு பேர் காசு போட்டு பாரிமுனையில் ஈவிஏ ஃபோம் ஷீட் (செருப்புக்குப் போடுகிற அதே சரக்குதான்) வாங்கி வந்து மொட்டை மாடியில் வெட்டுவோம். ஹீட் கன் காட்டினால் ஃபோமின் மேல் துளைகள் மூடி லேசாகப் பளபளக்கும். அந்தச் சூட்டோடு ஜீன்ஸ் தொடையில் வைத்து வளைத்தால் தோள்கவசம். பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். கோணலாகப் போனால் போனதுதான்.

2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் சென்னையின் முதல் காமிக் கான் (காமிக்ஸ், அனிமே ரசிகர்கள் கூடும் விழா) நடந்தபோது ஒரு கிழட்டுக் கொல்லனாகப் போனேன். ஒரு தொடரில் மூன்றே எபிசோடு வந்து செத்துப்போகிறவன். அவன் கவசத்தில் துரு வேண்டும். அம்மாவின் டிகாஷன் வண்டலை மூன்று நாள் வெயிலில் காயவைத்து, ஃபெவிகாலில் குழைத்து அப்பி, மேலே பழுப்பும் ஆரஞ்சும் அடித்தேன். மாடியில் காயப்போட்டு எடுத்ததெல்லாம் அம்மாதான். நாள் முழுக்க இரண்டே பேர்தான் அவனை அடையாளம் கண்டுகொண்டார்கள். அதில் ஒரு பையன் "அக்கா, அந்தக் கிழவனா!" என்று கத்தியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அந்த ஃபோட்டோவைப் பார்த்துத்தான் ஒரு கேம் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு மாலில் ஒரு நாள் நிற்க 8,000 ரூபாய். கொல்லன் வேண்டாம், கதாநாயகி வேண்டும் என்றார்கள். சூட், விக் எல்லாம் அவர்களே கொண்டுவந்தார்கள். முதுகு ஜிப் பாதியில் நின்றுவிட, ஊக்கு குத்திக்கொண்டு ஆறு மணி நேரம் நின்றேன். ஒரு சின்னப் பெண் வந்து கவசத்தைத் தொட்டுப் பார்த்து, "நீங்களே செஞ்சதா?" என்று கேட்டாள். "ஆமா" என்று சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் அதே மாதிரி ஐந்து முறை போயிருக்கிறேன். நடுவில் ஒரு போட்டி. இரண்டு மாதம் தைத்து எடுத்துப் போனேன். கூட ஆரம்பித்த தோழி 45,000 ரூபாய்க்கு வெளிநாட்டிலிருந்து வரவழைத்த உடையில் வந்து முதல் பரிசு வாங்கினாள். அன்றிலிருந்து அவளிடம் சரியாகப் பேசவில்லை.

இப்போது அதே கம்பெனி மூன்று மாத ஒப்பந்தம் தருகிறது. மாதம் 20,000, வாரம் இரண்டு ரீல்ஸ், யார் வேஷம் என்பதை அவர்கள் சொல்வார்கள். அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கோ ஃபோமைத் தொடவே பிடிக்கவில்லை. கொல்லனின் சுத்தியல் பாதியில் கிடக்கிறது. வண்டல் டப்பா பரணில் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. காசு வாங்கியதால்தான் எல்லாம் போச்சா? ஒப்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லிவிடவா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பெயர் வேண்டாம், தாம்பரம்.

*

அன்புள்ள தாம்பரம் சகோதரிக்கு,

சிரிக்கவில்லை. ஆனால் வண்டல் விஷயத்தை என் வீட்டில் படித்துக் காட்டினேன். மன்னியுங்கள்.

முதலில் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். ஃபோம் மட்டும்தான் கசக்கிறதா, அல்லது சாப்பாடு, தூக்கம், சிநேகிதர்கள் எல்லாமே கசக்கின்றனவா? நைட் ஷிஃப்ட் வேறு பார்க்கிறீர்கள். எல்லாமே கசந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றால் இந்தப் பதிலோடு நிறுத்தாமல் ஒரு மனநல நிபுணரை நேரில் பாருங்கள். ஃபோம் மட்டும்தான் என்றால் மேலே படிக்கலாம்.

காசு வாங்கியதால்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். 1973-இல் அமெரிக்காவில் மார்க் லெப்பர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் மழலையர் பள்ளி ஒன்றில் தாங்கள் செய்த ஒரு சோதனையை வெளியிட்டார்கள். படம் வரையத் தானாகவே ஆசைப்படும் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று ஒரு குழுவிடம் முன்னாலேயே சொன்னார்கள். இரண்டாவது குழுவிடம் ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து வகுப்பில் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தார்கள். முன்னாலேயே பேரம் பேசப்பட்ட பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கோ ஆசை குறையவே இல்லை.

அதே சான்றிதழ்தானே? ஒரு குழுவுக்கு மட்டும் அது ஏன் உறைத்தது என்பதை யோசித்துப் பாருங்கள். "இதற்காகத்தான் வரைகிறேன்" என்ற எண்ணம் முன்னாலேயே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பழைய காரணம் எழுந்து வெளியே போய்விட்டது. சோதனை சின்னப் பிள்ளைகளை வைத்து நடந்ததுதான், அதை அப்படியே 25 வயதுக்குப் பொருத்திவிட முடியாது. இருந்தாலும் உங்கள் கடிதத்தோடு நன்றாகவே பொருந்துகிறது.

நான் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரி. சிறு வயதில் கூத்து பார்க்கப் போனால் ஆட்டத்தைவிட வேஷம் கட்டும் இடத்தில்தான் அதிக நேரம் நிற்பேன். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அவரவர் முகத்துக்கு அவரவரே அரிதாரம் பூசுவார்கள். கண்ணாடிச் சில்லு பதித்த மரக் கிரீடமும் புஜக்கட்டைகளும் பக்கத்தில் துணியில் பரப்பி இருக்கும். அவர்கள் ஓசியில் ஆடியவர்கள் இல்லை. முன்பணம், மீதிப்பணம், ராத்திரிச் சாப்பாடு வரை ஊர்ப் பெரியவர்களோடு கறாராகப் பேசித்தான் வந்திருப்பார்கள் (பல நேரம் பேசிய பணம் முழுசாகக் கைக்கு வராது, அது வேறு கதை). ஆனால் துரியோதனன் முகத்துக்கு என்ன சிவப்பு என்று பணம் கொடுத்த எந்தத் தர்மகர்த்தாவும் சொன்னதில்லை. அந்த ராத்திரிக்குத்தான் கூலி, சிவப்பு ஆட்டக்காரருடையது.

உங்களுக்கு 8,000 ரூபாயோடு சிவப்பையும் அவர்களே முடிவு செய்து கொடுத்துவிட்டார்கள். அதனால், "ஆமா" என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் சொன்னீர்களே, அந்த இடத்தில்தான் முள் தைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். பணத்தை என்ன செய்தீர்கள் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பொய்யை மட்டும் யாரும் கேட்காமலே எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரு பெரிய பாவமாகச் சுமக்க வேண்டாம். அடுத்த முறை யாராவது கேட்டால், "இது கம்பெனி சூட். நான் செஞ்சது இது" என்று போனில் கொல்லனைக் காட்டுங்கள். கம்பெனிக்காரர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

தோழி விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்க மாட்டேன். 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மேன் எதிர்கால உடையில் போனார். காஸ்பிளேயின் பூர்வகதையாகச் சொல்லப்படுவது அது. அந்த உடையைத் தைத்துக் கொடுத்தவர் அவருடைய தோழி மிர்ட்டில் டக்ளஸ். ஆக, இன்னொருவர் செய்த உடையைப் போடுவதும் ஆரம்பத்திலிருந்தே இந்த விளையாட்டில் இருக்கிறது. தோழி ஏமாற்றவில்லை. உங்கள் கோபம் நடுவர்கள் மேல் இருக்க வேண்டியது. உங்கள் தையலை அவர்கள் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை அல்லவா? கைவேலைக்குத் தனி மதிப்பெண் உள்ள போட்டிகளும் உண்டு. வேலை நடக்கும்போது எடுத்த படங்களைக் கேட்டுவாங்கிப் பார்ப்பார்கள். விதிகளைப் படித்துவிட்டுப் பெயர் கொடுங்கள். அதற்கு முன்னால் தோழிக்கு ஒரு ஃபோன் போடுங்கள். ஹீட் கன்னால் கை சுட்டுக்கொண்டு கூட உட்கார்ந்த ஆட்கள் அத்தனை சுலபமாகக் கிடைக்க மாட்டார்கள்.

ஒப்பந்தம்? உங்கள் வீட்டு வரவுசெலவு எனக்குத் தெரியாது. மாதம் 20,000 தேவை என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதைக் காஸ்பிளே என்று மனதில் எழுதிக்கொள்ளாதீர்கள். மாலில் ஆறு மணி நேரம் நின்றது மாதிரி இதுவும் ஒரு பகுதிநேர வேலை, அவ்வளவுதான். நைட் ஷிஃப்டும் வாரம் இரண்டு ரீல்ஸும் போக மாடிக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். எதுவுமே மிஞ்சவில்லை என்றால், அந்தத் தாளையே அம்மாவிடம் காட்டிப் பேசலாம். கையெழுத்துப் போடுவதானால், சொந்தமாகச் செய்யும் எதையும் ரீல்ஸுக்குத் தர வேண்டியதில்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

கொல்லனை மட்டும் முடிக்கும்வரை யாருக்கும் காட்டாதீர்கள். இன்ஸ்டாவில் பாதிச் சுத்தியல் கூட வேண்டாம். எத்தனை லைக் என்று பார்ப்பதும் அந்தச் சான்றிதழ் மாதிரிதான்.

அம்மாவைப் பற்றி நீங்கள் குறையாக எழுதவில்லை என்றாலும் ஒன்று தோன்றுகிறது. மூன்று நாள் மொட்டை மாடி ஏறி வண்டல் காயவைத்தவர் அவர். அப்போது "இதில் எவ்வளவு வரும்?" என்று அவர் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை.

பரணில் இருக்கும் டப்பாவைத் தூக்கிப் போடுங்கள். பூஞ்சை பிடித்த வண்டல் பெயிண்டுக்கும் ஆகாது. நாளைக் காலை டிகாஷன் இறக்கும்போது அம்மாவிடம் புதிதாகக் கேட்டு வாங்குங்கள்.