சைஃபன் ஓவர்ஃப்ளோ: கரண்ட் போனாலும் தரை நனையக் கூடாது

துளை போடாத மீன் தொட்டியின் தண்ணீரைக் கீழே உள்ள சம்புக்கு (மோட்டார் இருக்கும் துணைத் தொட்டிக்கு) இறக்க எளிய வழி சைஃபன் ஓவர்ஃப்ளோ. தொட்டி விளிம்பில் தொங்கும் உள்பெட்டிக்குள் தண்ணீர் வழிந்து விழும். அதை ஒரு வளைகுழாய் கண்ணாடிக்கு மேலாக ஏற்றி வெளிப்பெட்டியில் விடும். அங்கிருந்து வடிகுழாய் வழியே சம்புக்குப் போகும். சம்பில் உள்ள மோட்டார் அதைத் திரும்பத் தொட்டிக்கு ஏற்றும். வளைகுழாயில் காற்று நிறைந்தால் சைஃபன் கட் ஆகிவிடும், மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இதைச் சுற்றியே இருக்கின்றன.

என்னுடையது 4 அடி தொட்டி. தினமும் காலையில் பார்த்தால் வளைகுழாயின் உச்சியில் காற்று நிற்கிறது. குழாயில் ஓட்டை எதுவும் இல்லை. காற்று எங்கிருந்து வருகிறது?

தண்ணீரிலிருந்தேதான். வளைகுழாயின் உச்சியில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அதனால் தண்ணீரில் கரைந்திருக்கும் வாயு அங்கே குமிழியாகப் பிரியும். உள்பெட்டிக்குள் தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்தால் அதுவும் குமிழிகளை உள்ளே இழுத்து வரும். ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தால் முதலில் அதைத் தொட்டியின் மறுமுனைக்கு மாற்றுங்கள்.

குமிழி வருவதை முழுக்கத் தடுக்க முடியாது. வந்த குமிழியை ஓட்டம் அடித்துக்கொண்டு போக வேண்டும். சின்னக் குமிழி தண்ணீரில் விநாடிக்கு ஏறக்குறைய கால் மீட்டர் வேகத்தில் மேலே ஏறும். குழாயின் இறங்கு பக்கத்தில் தண்ணீர் அதைவிட நன்றாக வேகமாக ஓடினால்தான் குமிழி கீழே போகும். அரை மீட்டருக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். உள்விட்டம் 1 அங்குலம் உள்ள குழாயில் மணிக்கு 1000 லிட்டர் போனால் ஏறக்குறைய அந்த வேகம் கிடைக்கும். மோட்டாரின் அட்டையில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். 4 அடி உயரம் ஏற்றும்போது அது வெகுவாகக் குறையும். தொட்டியில் விழும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, நேரம் பார்த்து அளந்துவிடுங்கள்.

ஒன்று அடைத்தாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று 2 வளைகுழாய் போட்டிருக்கிறேன். இது பாதுகாப்புதானே?

ஓட்டம் போதுமான அளவு இருந்தால் பாதுகாப்பு. மணிக்கு 1000 லிட்டர் ஓடும் தொட்டியில் 2 குழாய் போட்டால் ஒவ்வொன்றிலும் வேகம் பாதியாகிவிடும். இரண்டிலுமே காற்று சேரும். காற்று மெதுவாகச் சேர்வதால் சில நாட்கள் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். அப்புறம் ஒன்று நிற்கும், மொத்தச் சுமையும் மற்றதன் மேல் விழும். உங்கள் ஓட்டத்துக்கு ஒரு குழாய் போதுமென்றால் ஒன்றே போதும். இரண்டு வேண்டுமென்றால் மோட்டாரைப் பெரிதாக்குங்கள், அல்லது குறுகலான குழாய் போடுங்கள்.

எங்கள் பகுதியில் அடிக்கடி கரண்ட் போகும். திரும்பி வரும்போது சைஃபன் தானாக ஓடுமா? சம்பு வழியுமா?

ஓட வேண்டும். மோட்டார் நின்றதும் இரண்டு பெட்டியிலும் நீர்மட்டம் சமமாகி, ஓட்டம் நிற்கும். குழாய் நிறைந்தே இருக்கும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: உள்பெட்டியின் விளிம்பும், வெளிப்பெட்டியில் நிற்கும் வடிகுழாயின் வாயும் வளைகுழாயின் இரு முனைகளையும் விட உயரத்தில் இருக்க வேண்டும். முனை தண்ணீருக்கு வெளியே வந்த கணமே காற்று ஏறிவிடும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு குழாயின் உச்சியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஓட்டம் இல்லாத நேரத்தில் சேர்ந்த காற்று அங்கேதான் நிற்கும்.

சம்பு வழிவதற்குப் பெரும்பாலும் காரணம் சைஃபன் இல்லை, மேலேற்றும் குழாய். அதன் வாய் தண்ணீருக்குள் ஆழமாக இருந்தால், மோட்டார் நின்றதும் அதுவே தலைகீழ் சைஃபனாகித் தொட்டித் தண்ணீரைக் கீழே இழுக்கும். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலத் தொட்டியில் 1 அங்குலம் இறங்கினால் 14 லிட்டர். 2 அடிக்கு 1 அடி சம்பில் அது 3 அங்குலம் ஏறும். எனவே வாயை நீர்மட்டத்தை ஒட்டி வையுங்கள். குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளை போடுவதும் நல்லது, ஆனால் அது பாசியால் அடைபடும். அதை மட்டும் நம்பாதீர்கள். நான்-ரிட்டர்ன் வால்வும் (ஒரு பக்கம் மட்டும் ஓடவிடும் வால்வு) அப்படியே: ஒரு நத்தை சிக்கினால் போதும், மூடாது.

மோட்டார் ஓடும்போதே சைஃபன் கட் ஆனால் வீடு முழுக்கத் தண்ணீர்தானா?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். எவ்வளவு கவனித்தாலும் சைஃபன் என்றாவது ஒருநாள் நிற்கும். அந்த நாளில் ஒரு சொட்டுகூட வெளியே வராதபடி இப்போதே அமைத்துவிடலாம்.

சம்பில் மோட்டார் நிற்கும் இடத்தைக் கண்ணாடித் தடுப்பால் தனி அறையாக்குங்கள். சைஃபன் நின்றால் அந்த அறைத் தண்ணீர் மட்டும்தான் மேலே போகும். அறை 30 செ.மீ.க்கு 20 செ.மீ., மோட்டார் உறிஞ்சும் வாய்க்கு மேலே 15 செ.மீ. தண்ணீர் என்றால் 9 லிட்டர். மேலே சொன்ன 4 அடி தொட்டியில் அது 1.6 செ.மீ. உயரும். விளிம்புக்குக் கீழே 3 செ.மீ. காலியாக விட்டிருந்தால் தரை நனையாது. அறை காலியானதும் மோட்டார் வறண்டு ஓடும், அதை உடனே நிறுத்த வேண்டும். தொட்டியின் மேல்விளிம்பில் ஒரு ஃப்ளோட் சுவிட்ச் (நீர்மட்டம் ஏறினால் இயங்கும் மிதவை சுவிட்ச்) வைத்து மோட்டாரின் மின்இணைப்பைத் துண்டிக்கச் செய்தால் இன்னும் நல்லது.

இந்தக் கணக்கெல்லாம் ஒரே ஒரு இடத்தில் தவிடுபொடியாகும். ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்ட, மொட்டைமாடி டேங்கிலிருந்து நேராக ஒரு பைப் இழுத்து மோட்டார் அறையில் மிதவை வால்வு போட்டிருப்பார்கள். சைஃபன் நின்றால் அறையில் மட்டம் இறங்கும். வால்வுக்கு ஆவியானது, மேலே போனது என்ற வேறுபாடு தெரியாது; திறந்துகொள்ளும். மோட்டார் ஏற்ற ஏற்ற அது நிரப்பும், டேங்க் காலியாகும்வரை. கடல்நீர்த் தொட்டி என்றால் உப்பு நீர்த்துப்போய் உயிர்களும் போகும். இணைப்பைக் கழற்றிவிட்டு, 5 லிட்டர் கேனிலிருந்து நிரப்பச் செய்யுங்கள். அந்த 5 லிட்டருக்கும் சேர்த்துத் தொட்டியில் இடம் விடுங்கள்.

எல்லாம் முடிந்ததும், வீட்டில் இருக்கும் ஒரு நாளில் வாளியும் துணியும் எடுத்துவைத்துக்கொண்டு வளைகுழாயில் வேண்டுமென்றே காற்றை விட்டு சைஃபனை நிறுத்திப் பாருங்கள். தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்று கண்ணால் பார்த்தபிறகு நிம்மதியாக ஊருக்குப் போகலாம்.

உச்சியில் சேரும் காற்றைத் தானாக எடுக்க பவர்ஹெட் (தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் சிறு மோட்டார்) இணைக்கலாமா?

இணைக்கலாம். பவர்ஹெட்டின் காற்று உறிஞ்சும் முனையிலிருந்து ஒரு ஏர் ட்யூபை வளைகுழாயின் உச்சியில் உள்ள முனைக்குக் கொண்டுபோனால், சேரும் காற்றை அது இழுத்துக்கொண்டே இருக்கும். பவர்ஹெட்டைத் தொட்டிக்குள் நீர்மட்டத்துக்கு நன்றாகக் கீழே வையுங்கள்; இடையில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம். ட்யூப் விறைத்து, முனையில் கீறல் விட்டால் அதன் வழியே வெளிக்காற்று உள்ளே போகும். காற்றை எடுக்க வைத்ததே காற்றைக் கொடுக்கும். சிலிகான் ட்யூப் நீண்ட நாள் வரும். பவர்ஹெட்டில் வழவழப்பு படிந்தால் இழுக்கும் சக்தி சத்தமில்லாமல் குறையும். சோதிக்க, சிரிஞ்சில் செருகிய மெல்லிய ட்யூபை உள்பெட்டி வழியே உச்சிவரை நுழைத்துக் கொஞ்சம் காற்று விடுங்கள். அது சீக்கிரம் மறைய வேண்டும். சென்ற முறையைவிடத் தாமதமானால் பவர்ஹெட்டைக் கழுவும் நேரம் வந்துவிட்டது.

வடிகுழாயில் கடகடவென்று சத்தம். தூங்க முடியவில்லை.

தண்ணீரும் காற்றும் ஒரே குழாயில் முட்டிமோதும் சத்தம் அது. வடிகுழாயின் தலையில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) பொருத்தி, மேல்வாயை மூடியால் அடைத்து, மூடியில் சின்னத் துளை போடுங்கள். துளையை மெல்ல மெல்லப் பெரிதாக்கினால் ஓர் அளவில் சத்தம் அடங்கும். இந்த வேலையெல்லாம் வடிகுழாயில் மட்டும்தான். வளைகுழாயில் துளை போட்டுவிடாதீர்கள்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை சுத்தம் செய்வது?

உள்பெட்டியின் விளிம்பில் தண்ணீர் வழியும் சீப்புப் போன்ற பற்களை வாரம் ஒருமுறை பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும். மீன்குஞ்சு போகாமலிருக்க அங்கே ஸ்பாஞ்ச் வைக்காதீர்கள். அடைத்துக்கொண்டால் தொட்டி மட்டம் ஏறும். வளைகுழாய்க்குக் கறுப்பு டேப் சுற்றினால் உள்ளே பாசி பிடிக்காது, உச்சியில் மட்டும் காற்றைப் பார்க்க ஒரு சிறு இடைவெளி விடுங்கள். குழாயைக் கழற்றும்போது மோட்டாரை முதலில் நிறுத்துங்கள்.

புதுத் தொட்டி வாங்கப் போகிறேன். சைஃபனா, துளையா?

துளை. சென்னை கொளத்தூர் மீன் சந்தை போன்ற இடங்களில் தொட்டியைச் சொல்லிச் செய்யும்போதே பின்கண்ணாடியில் துளை போட்டு வாங்கிவிடுங்கள். டஃபன்டு (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதில் பிறகு துளையிட்டால் மொத்தமும் பொடிப்பொடியாக உடையும். ஏற்கெனவே மீன் நீந்தும் தொட்டி என்றால் அதைக் காலி செய்ய வேண்டியதில்லை, சைஃபனே இருக்கட்டும்.