12 வயதில் ஊசியா, காத்திருப்பா?

மகளாக வளர்த்த 12 வயதுப் பிள்ளை ‘நான் பையன்’ என்கிறது, பருவத்தைத் தள்ளிப்போடும் ஊசி போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரம் வேண்டாம், அதற்காகப் பிள்ளையின் வாயையும் அடைக்காதீர்கள்.

இதில் மருத்துவர்களே ஒன்றுபடவில்லை. இங்கிலாந்தில் 2024-இல் வந்த குழந்தைநல மருத்துவர் ஹிலாரி காஸின் அறிக்கை, இந்த ஊசி பலன் தரும் என்பதற்கான ஆதாரம் பலவீனம் என்றது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கமோ 2023-இல் இத்தகைய சிகிச்சைக்கான தன் ஆதரவை மறுபடி உறுதிசெய்தது. இந்த ஊசியால் எலும்பு அடர்த்தி, பின்னாளில் குழந்தைப்பேறு இரண்டும் என்னவாகும் என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

முடி வெட்டிக்கொள்ள மட்டும் யார் அனுமதியும் வேண்டாம், அது திரும்ப வளரும். முதலில் பதின்பருவப் பிள்ளைகளிடம் பழகிய மனநல மருத்துவரைப் பாருங்கள். அப்புறம், மாதவிடாய் நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு அழுவதாக எழுதியிருந்தீர்களே, அன்றைக்குக் கதவருகே போய் உட்காருங்கள்.