கண்ணைக் கட்டினால் நினைவாற்றல் கூடுமா?

“என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். இரவில் ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பிக்கிறான். நான்கு நாள் கழித்துத் தேர்வில் எல்லாம் மறந்துவிடுகிறது. அவன் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ‘மிட் பிரெயின் ஆக்டிவேஷன்’ பயிற்சி நடத்துகிறார்கள். கட்டணம் 18,000 ரூபாய். கண்ணைக் கட்டிக்கொண்டே பிள்ளைகள் அட்டையின் நிறத்தைச் சொன்னதை நேரில் பார்த்தேன். 3,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறேன். மீதியைக் கட்டலாமா?”
– ஒரு வாசகி, திருப்பூர்

கட்டாதீர்கள் அம்மா.

மிட் பிரெயின், அதாவது நடுமூளையைத் தட்டி எழுப்பினால் நினைவாற்றல் கூடும் என்பதுதான் அவர்கள் சொல்வது. நடுமூளை என்பது மூளைத்தண்டின் மேற்பகுதி. ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் நீளம்தான். வெளிச்சம் பட்டால் கண்மணி சுருங்குவதற்கும், சத்தம் வந்த பக்கம் சட்டென்று தலை திரும்புவதற்கும் அது வேண்டும். உங்கள் மகன் காலையில் எழுந்து பல் துலக்கினான் என்றால் அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது; அதைத் தட்டி எழுப்ப ஆள் தேவையில்லை. பாடத்தைப் பதியவைப்பதில் முக்கியப் பங்கு ஹிப்போகேம்பஸ் என்ற வேறொரு பகுதிக்கு. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு வலிப்பை நிறுத்துவதற்காக அதன் ஒரு பெரிய பகுதியை இருபுறமும் அகற்றினார்கள். 2008-இல் இறக்கும்வரை, தினமும் பார்த்துப் பழகியவர்களைக்கூட அவர் புதியவர்களாகவே எண்ணினார். அவருடைய நடுமூளையை யாரும் தொடவில்லை.

நீங்கள் கண்ணால் பார்த்ததற்கு வருகிறேன். துணியை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் மூக்கின் இருபுறமும் சிறு இடைவெளி இருக்கும். அதன் வழியே கீழே பார்க்கலாம். அதனால்தான் அந்தப் பிள்ளைகள் முகத்தைச் சற்றே நிமிர்த்தி, அட்டையை மார்புக்கு அருகில் பிடித்துக்கொள்கிறார்கள். சந்தேகம் இருந்தால் அட்டையை நெற்றிக்கு மேலே பிடித்துக் கேளுங்கள். அல்லது கழுத்தைச் சுற்றி ஒரு பெரிய அட்டைப்பலகையை வைத்துக் கீழ்ப்பார்வையை மறையுங்கள். நிறம் தெரியாது. உடனே நடத்துபவர், “நம்பிக்கையில்லாதவர் பக்கத்தில் இருந்தால் சக்தி வேலை செய்யாது” என்பார். சரியாகச் சொன்னால் பயிற்சியின் வெற்றி, தவறினால் உங்கள் எண்ணத்தின் கோளாறு! எந்த நிலையிலும் தோற்க வழியில்லாத சோதனை சோதனையே அல்ல.

“எங்களிடம் வந்தபின் மதிப்பெண் ஏறியது” என்று பெற்றோர் பேசும் வீடியோவையும் காட்டுவார்கள். அதே காலத்தில் பயிற்சிக்கு வராத பிள்ளைகளுக்கு எவ்வளவு ஏறியது என்று கேளுங்கள். பதில் வராது. இன்னொரு பெற்றோரைச் சேர்த்துவிட்டால் கட்டணத்தில் தள்ளுபடி என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்களே? அந்த வீடியோவில் பேசுபவர்களிடம் அதையும் விசாரியுங்கள்.

பணத்தைவிட எனக்கு ஆத்திரம் தருவது வேறு. எட்டு வயதுக் குழந்தை இடுக்கு வழியாகப் பார்க்கிறது; சபை கைதட்டுகிறது; அப்பா கண் கலங்குகிறார். அந்தக் குழந்தை இனி எப்படி உண்மையைச் சொல்லும்? இதற்குக் கூடத்தைத் திறந்துவிடும் பள்ளிகளை என்ன சொல்வது? அறிவியல் பாடத்தில் மூளையின் படம் வரையச் சொல்லி மதிப்பெண் போடுவதும் அவர்கள்தான்.

உங்கள் மகனுக்கு மூளைக் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. படித்த சூட்டோடு ஒப்பித்தால் எல்லாருக்கும் வரும். ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: ஒருமுறை படித்துவிட்டு, பாராமல் நினைவுபடுத்தி மூன்று முறை எழுதியவர்களுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது, நான்கு முறையும் படிக்க மட்டுமே செய்தவர்களுக்கு 40. ஆகவே இரவே ஒப்பிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். மறுநாள் மாலை, புத்தகத்தை மூடிவைத்துத் தெரிந்ததை எழுதச் சொல்லுங்கள். விட்டதை மட்டும் பார்த்துவிட்டு மூன்று நாள் கழித்து மறுபடி எழுதட்டும். முதல் வாரம் திணறுவான். அந்தத் திணறலில்தான் பாடம் பதிகிறது. நன்றாகத் தூங்கட்டும். வல்லாரை மாத்திரை வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே பத்து விநாடி போல வெறித்துப் பார்த்து நின்றுவிடுகிறானா? கூப்பிட்டால் காதில் விழாமல், தோளைத் தொட்டாலும் திரும்பாமல், பிறகு எதுவும் நடக்காததுபோல் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறானா? கண்ணிமை படபடக்கிறதா? பராக்குப் பார்க்கும் பிள்ளை தொட்டால் திரும்பிவிடும், இது அப்படியல்ல. கை கால் வெட்டி இழுக்காத ஒருவகை வலிப்பாக இருக்கலாம். ஒரு நாளில் பலமுறை வரும். வரும்போதெல்லாம் பாடத்தில் ஒரு துண்டு காணாமல் போகும். வகுப்பில் இதற்கு ‘கவனமில்லாதவன்’ என்று பெயர் வைத்து முட்டிபோட வைப்பார்கள். அப்படி ஒருமுறை கண்டாலும் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும், மாத்திரையில் கட்டுப்படுத்தலாம். பயிற்சி நடத்துபவரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். அதற்கும் தனியாக ஒரு ‘பேக்கேஜ்’ வைத்திருப்பார்.

முன்பணத்தை எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். ரசீது தரவில்லை என்றால் பணம் அனுப்பிய வங்கிக் குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.