மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த சத்து மாத்திரைகள் எல்லாம் தேவையா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, எடை 65 கிலோ. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் தைராய்டுக்குத் தைராக்சினும் பல வருடமாகப் போடுகிறார். முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். இரும்புச்சத்து, கால்சியம், வாரம் ஒருமுறை வைட்டமின் டி, மல்டிவைட்டமின், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோல் எல்லாம் தந்திருக்கிறார்கள். இவ்வளவும் வேண்டுமா? புண் சீக்கிரம் ஆற வேறு ஏதாவது வாங்கலாமா?

பதில்:

புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். கையில் இருப்பதை நேரம் பிரித்துக் கொடுங்கள். எல்லாவற்றையும் காலை டிபன் முடிந்ததும் ஒரே வாயில் போடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. கால்சியம் இரும்பை உறிஞ்ச விடாது. இரண்டும் சேர்ந்து தைராக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு மாதம் கழித்து டிஎஸ்எச் (தைராய்டு ரத்தப் பரிசோதனையின் அளவு) ஏறிவிட்டது என்று தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டுவார்கள். கோளாறு அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது.

இப்படிப் பிரிக்கலாம். காலை 6 மணிக்குத் தைராக்சின், வெறும் தண்ணீரில். டிபனுக்கு அரை மணி முன்னால் பேன்டோபிரசோல். 11 மணிக்கு இரும்பு. சர்க்கரை போடாத எலுமிச்சைச் சாறோ ஒரு துண்டு கொய்யாவோ கூட இருந்தால் நல்லது. அதற்கு ஒரு மணி நேரம் முன்னும் இரண்டு மணி நேரம் பின்னும் காபி, டீ கூடாது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் மல்டிவைட்டமின். கால்சியத்தை இரவுச் சாப்பாட்டோடு தாருங்கள், கார்பனேட் வகை சாப்பாட்டோடு போனால்தான் நன்றாகச் சேரும். தைராக்சினுக்கும் இரும்பு, கால்சியம், மல்டிவைட்டமின் ஆகியவற்றுக்கும் நடுவே 4 மணி நேரம் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாடிக் எழுதியிருந்தால் இவை அதையும் கெடுக்கும். அந்தச் சில நாள் இரும்பையும் கால்சியத்தையும் நிறுத்தி வைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

60,000 யூனிட் வைட்டமின் டி வாரத்துக்கு ஒன்றுதான், பெரும்பாலும் 8 வாரம். தினம் ஒன்று என்று தப்பாக நினைத்துப் போட்டுவிட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் குழப்பமுமாக ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் உண்டு. ஞாயிறு மதியம் என்று ஒரு கிழமையைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். கொழுப்பில் கரையும் சத்து என்பதால் பெரிய சாப்பாட்டோடு போடுவது நல்லது.

இரும்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரம் உடம்பில் அழற்சி இருக்கும். அப்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரந்து, குடல் வழியாக இரும்பு உள்ளே போகும் கதவை அடைத்துவிடும். மாத்திரை மலத்தைக் கறுப்பாக்குமே தவிர ஹீமோகுளோபினை அவ்வளவாக ஏற்றாது. ஹீமோகுளோபின் நன்றாக இறங்கியிருந்தால் ஊசி வழி இரும்பு தேவையா என்று கேளுங்கள். இந்த நேரத்தில் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் பரிசோதனை) மட்டும் பார்த்து 'நார்மல்' என்று விட்டுவிடக் கூடாது. அழற்சியே அதை ஏற்றிக் காட்டும், கூடவே டிரான்ஸ்ஃபெரின் சேச்சுரேஷனும் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது) பார்க்க வேண்டும்.

மலச்சிக்கல் வந்தால் இரும்பின் மேல் மட்டும் பழி போடாதீர்கள். டிரமடால் வலி மாத்திரை, கால்சியம், நடக்காமல் படுத்தே இருப்பது எல்லாம் அதில் கூட்டு.

பட்டியலில் இல்லாத ஒன்றைக் கேட்டுச் செய்துகொள்ளலாம்: வைட்டமின் பி12 அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனை. நீண்ட நாள் மெட்ஃபார்மின் போடுகிறவர்களுக்கு பி12 குறைவது சகஜம். பேன்டோபிரசோலும் நெடுநாள் ஓடினால் இன்னும் குறையும். பி12 குறைந்து பாதம் மரத்துப்போனால் நடைப்பயிற்சி சரியாக வராது, அந்தக் கஷ்டத்தை எல்லோரும் புது மூட்டின் தலையில் கட்டிவிடுவார்கள். பேன்டோபிரசோலை எத்தனை நாள் என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வலி மாத்திரைக்குத் துணையாகத்தான் எழுதுவார்கள், அது நின்ற பிறகும் இது மட்டும் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

புண் ஆறுவதற்கு வைட்டமின் சி வேண்டும், கொலாஜன் இழை முறுக்கேற அது இல்லாமல் முடியாது. ஆனால் ஒரு கொய்யாப்பழமே ஒரு நாள் தேவையைத் தாண்டிவிடும். துத்தநாகம் குறைவாக இருந்தால் மட்டும் உதவும். மாதக்கணக்கில் தினம் 40 மி.கி.க்கு மேல் போனால் தாமிரம் குறைந்து, அதனாலேயே ரத்தசோகை வரலாம்.

உண்மையில் குறைவது புரதம். முட்டை சாப்பிட்டால் சீழ் பிடிக்கும், மீனும் பருப்பும் ஆகாது என்று பத்தியம் சொல்லி, கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுத்துவிட்டு 800 ரூபாய்க்கு டானிக் வாங்குகிறோம். இந்தப் பத்தியத்துக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் கணக்கில் அம்மாவுக்குத் தினம் ஏறக்குறைய 78 முதல் 98 கிராம் வேண்டும். இரண்டு முட்டை 12 கிராம், நூறு கிராம் வேகவைத்த மீனோ கோழியோ ஏறக்குறைய 22, இரண்டு டம்ளர் பால் அல்லது தயிர் 13, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் 12. மீதி இட்லி, சாதம், சாம்பாரிலிருந்து வந்துவிடும். அசைவம் இல்லாத வீடு என்றால் பனீர், சோயா, புரதப் பவுடர். கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) கூடுதலாக இருந்தால் மட்டும் இந்த அளவை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டலாம், பயப்பட வேண்டாம், தானே நிற்கும். அதற்காக 10 மி.கி. பயோட்டின் (முடிக்கென்று விற்கும் வைட்டமின்) ஆரம்பித்தால் தைராய்டு, ட்ரோபோனின் (மாரடைப்பைக் கண்டறியும்) பரிசோதனை முடிவுகள் தப்பாக வரலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் போடுகிறார் என்றால் மல்டிவைட்டமினில் வைட்டமின் கே உண்டா என்று பாருங்கள், அது இந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். அபிக்ஸபான், ரிவராக்ஸபான், ஆஸ்பிரினுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் எது போட்டாலும் மீன் எண்ணெய், மஞ்சள் கேப்ஸ்யூல், அதிக அளவு வைட்டமின் ஈ இப்போதைக்கு வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டலாம்.

ஒரு வாரம் தாண்டியும் தையலில் நீர் கசிந்தாலோ, சிவப்பும் வலியும் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ ஆபரேஷன் செய்த டாக்டரிடம் அன்றே போங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாடிக் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அப்படிப் போட்டால், மூட்டிலிருந்து நீர் எடுத்து கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) பார்த்தாலும் கிருமி வளராமல் போகலாம், என்ன கிருமி என்று தெரியாமலே வைத்தியம் பார்க்க வேண்டிவரும்.