அரசு வக்கீல் வேலை: பரிட்சையை விட அதுக்கு முன்னாடி இருக்கற அஞ்சு வருஷம்தான் கஷ்டம்

கேள்வி: "மேடம், நான் கவர்மென்ட் லா காலேஜ்ல நாலாவது வருஷம் படிக்கறேன். எஸ்.சி., எங்க வீட்ல நான்தான் மொத டிகிரி, ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். ஏபிபி (அசிஸ்டண்ட் பப்ளிக் பிராசிக்யூட்டர், உதவி அரசு வக்கீல்) ஆகணும்னு ஆசை. இன்டர்ன்ஷிப் போன எடத்துல சீனியர் ஒருத்தர் 'அதெல்லாம் கட்சிக்காரங்களுக்குத்தாம்மா'ன்னு சொல்லிட்டார். நெஜமாவா? இடஒதுக்கீடு உண்டா இல்லையா?"

பதில்: அவர் சொன்னது பாதி உண்மை தங்கச்சி, ஆனா அந்தப் பாதி நீங்க கேக்கற வேலைக்கு பொருந்தாது. நம்ம ஊர்ல மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல நிக்கறவரையும் ஹைகோர்ட்ல நிக்கறவரையும் சேத்து "கவர்மென்ட் வக்கீல்"னு ஒரே பேர்ல கூப்புடறதால வர்ற கொழப்பம் இது. மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல போலீஸ் கேஸ நடத்தற ஏபிபி, அரசு ஊழியர். டிஎன்பிஎஸ்சி பரிட்சை எழுதித்தான் உள்ள வரணும், அதனால 69 சதவீத ஒதுக்கீடு முழுசா உண்டு, எஸ்.சி.க்கு 18 (அதுல அருந்ததியர் உள் ஒதுக்கீடு 3), ஒவ்வொரு பிரிவுக்குள்ளயும் பெண்களுக்கு 30. இதுல எந்தக் கட்சி சிபாரிசும் வேணாம். செஷன்ஸ் கோர்ட் பிபி (பப்ளிக் பிராசிக்யூட்டர்), ஹைகோர்ட்ல இருக்கற ஜிபி (கவர்மென்ட் ப்ளீடர்), அடிஷனல் ஏஜி (ஏஜின்னா அட்வகேட் ஜெனரல், மாநிலத்தோட தலைமை அரசு வக்கீல்) இவங்கல்லாம் வேற கணக்கு, அரசாங்கமே பாத்து நியமிக்கறது, ஆட்சி மாறுனா ஆளும் மாறறத நீங்களே பாத்திருப்பீங்க. பிபிக்கு குறைஞ்சது 7 வருஷம் பிராக்டிஸ் வேணும்னு பிஎன்எஸ்எஸ் (சிஆர்பிசிக்கு பதிலா வந்த குற்ற நடைமுறைச் சட்டம்) 18வது பிரிவு சொல்லுது, எந்த சாதிக்கு எத்தனைன்னு அது எங்கயும் சொல்லல. 2016ல பிரிஜேஷ்வர் சிங் சாஹல் கேஸ்ல சுப்ரீம் கோர்ட், இந்த நியமனத்தை இஷ்டத்துக்கு பண்ணக்கூடாது, தகுதி பாத்து வெளிப்படையா பண்ணணும்னு சொல்லிருச்சு, அதுக்கப்புறம் மாநிலங்கள் விதி போட்டுச்சு, நம்ம ஹைகோர்ட்டுக்கும் 2017ல விதி வந்துச்சு. ஆனா வெளிப்படையா எடுக்கறது வேற, எல்லா வீட்டுப் பிள்ளைகளும் உள்ள வர்றது வேற.

இதுக்கு பஞ்சாப்ல நடந்தது நல்ல உதாரணம். அங்க ஏஜி ஆபீஸ்ல எஸ்.சி. வக்கீல்களுக்குன்னே 2022ல 58 போஸ்ட் ஒதுக்குனாங்க, கேக்கவே சந்தோஷமா இருந்துச்சு. ஆனா அதுல 15 போஸ்ட்டுக்கு ஆள் கிடைக்கல. ஏன்னா அந்த வேலைக்கு அப்ளை பண்ண வக்கீலோட வருஷ வருமானம் இவ்ளோ இருக்கணும்னு ஒரு தகுதி வச்சிருந்தாங்க. பெரிய க்ளையண்ட்டும் கம்பெனி கேஸும் யார் கிட்ட போகுதோ அவங்களுக்குத்தான் அந்த வருமானம் காட்ட முடியும், மொத தலைமுறை வக்கீல் எங்கேந்து காட்டுவார்? கடைசில 2025ல எஸ்.சி.க்கு அந்த வருமான வரம்ப பாதியா குறைக்க வேண்டி வந்துச்சு. சீட்ட ஒதுக்கிட்டு வாசப்படிய ஒசரமா கட்டுனா இப்படித்தான்.

உங்க வழியிலயும் அந்த மாதிரி ஒசரமான படி ஒண்ணு இருக்கு, பரிட்சைன்னு நெனைக்காதீங்க. ஏபிபி போஸ்ட்டுக்கு பி.எல். மட்டும் பத்தாது, கிரிமினல் கோர்ட்ல அஞ்சு வருஷம் ஆக்டிவ் பிராக்டிஸ் வேணும்னு கேக்கறாங்க. அந்த அஞ்சு வருஷம் யார் சோறு போடறது? ஜூனியருக்கு சென்னை, மதுரை, கோவையில மாசம் 20,000, மத்த ஊர்ல 15,000 ஸ்டைபண்ட் குடுக்கணும்னு மெட்ராஸ் ஹைகோர்ட் 2024 ஜூன்ல சொல்லுச்சு, பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவும் அதே வருஷம் அக்டோபர்ல சர்க்குலர் விட்டுச்சு. எத்தனை சேம்பர்ல குடுக்கறாங்கன்னு நீங்களே நாலு ஜூனியர்ட்ட கேட்டுப் பாருங்க. அதனால எந்த சீனியர்ட்ட போய் சேர்றதுன்னு முடிவு பண்றப்ப பேரப் பாக்காதீங்க, ரெண்டே விஷயம் கேளுங்க, மாசம் எவ்ளோ, வக்காலத்துல (கேஸ நடத்த வக்கீலுக்கு அதிகாரம் குடுக்கற தாள்) என் பேர் போடுவீங்களா.

ரெண்டாவது ஏன் முக்கியம்னா, நாள் முழுக்க கோர்ட்ல நின்னு வாய்தா வாங்கி, சீனியர் வர்ற வரைக்கும் பாஸ் ஓவர் (கேஸ கொஞ்ச நேரம் தள்ளிக் கூப்புடச் சொல்றது) கேட்டு, ஜாமீன் மனு டிராஃப்ட் பண்ணிட்டு இருப்பீங்க, ஆனா வக்காலத்துல சீனியர் பேரு மட்டும் இருக்கும், நாளைக்கு பிராக்டிஸ் பண்ணேன்னு காட்ட உங்க கையில காகிதமே இருக்காது. எத்தனையோ பேர் அந்த எடத்துலதான் மாட்டிக்கறாங்க, அதுலயும் பொண்ணுங்க அதிகம், ஆபீஸ்லயே உக்காந்து டைப் பண்ற வேலைய நம்ம தலையில கட்டிருவாங்க. பார் கவுன்சில்ல வக்கீலா என்ரோல் ஆன மொத நாள்லேந்து ஒரு நோட் போடுங்க, கேஸ் நம்பர், எந்த கோர்ட், என்னைக்கு ஆஜரானீங்க, சாட்சி விசாரிச்சீங்களா இல்ல வாய்தாவான்னு. உங்க பேர் வந்த தீர்ப்பு, ஆர்டர் எல்லாத்துலயும் ஒரு காப்பி.

என்ரோல்மென்ட் செலவு நெனைச்சு பயந்தீங்கன்னா அது இப்ப கொறைஞ்சிருச்சு. 2024 ஜூலை 30ல கவுரவ் குமார் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னபடி பொதுவா 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய்தான், அதுக்கு மேல சட்டம் சொல்லாத ஃபீஸ் எதுவும் என்ரோல்மென்ட்டுக்குன்னு வாங்கக்கூடாது.

அரசு வேலைல தமிழ் மீடியத்துல படிச்சவங்களுக்கு இருக்கற 20 சதவீத ஒதுக்கீடு பத்தி ஒரு எச்சரிக்கை. 2020ல திருத்தம் வந்ததுலேந்து ஸ்கூல்ல ஆரம்பிச்சு அந்த வேலைக்கு கேக்கற படிப்பு வரைக்கும் எல்லாமே தமிழ் வழியா இருக்கணும். இங்க அந்தப் படிப்பு பி.எல்., ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ்னா பத்தாது. காலேஜ் ஆபீஸ்ல உங்க கோர்ஸ் என்ன மீடியம்னு பதிவாகியிருக்குன்னு இந்த செமஸ்டர்லயே கேட்டு தெரிஞ்சுக்கோங்க, அப்ளிகேஷன் போடறப்ப தெரிஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது.

அஞ்சு வருஷம் தாங்காதுன்னா வேற வழியும் இருக்கு. சிபிஐ ஏபிபி போஸ்ட்ட யுபிஎஸ்சி எடுக்கும், லா டிகிரி இருந்தா போதும், பிராக்டிஸ் கேக்கறதில்ல. சுப்ரீம் கோர்ட் லா கிளார்க் (ஜட்ஜுக்கு சட்ட ஆராய்ச்சில உதவற) வேலைக்கு கடைசி வருஷ ஸ்டூடண்ட்டே அப்ளை பண்ணலாம், 2025 அறிவிப்புல மாசம் 80,000, ஒப்பந்த வேலைதான், ஆனா சிவில் ஜட்ஜ் எழுத மூணு வருஷ பிராக்டிஸ் கட்டாயம்னு 2025 மே 20ல சொன்ன தீர்ப்புல லா கிளார்க் அனுபவத்தையும் கணக்குல எடுத்துக்கலாம்னு இருக்கு. ஆர்மியில ஜேஏஜி (ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல், ராணுவத்தோட சட்டப் பிரிவு) இன்னொண்ணு. அங்க ஆம்பளைங்களுக்கு 6, பொண்ணுங்களுக்கு 3ன்னு தனித்தனியா எடம் பிரிச்சு, தேர்வான ஆணை விட அதிக மார்க் எடுத்த பொண்ணு வெளிய நின்னாங்க. 2025 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னு சொல்லி, இனிமே ஆண் பெண் ரெண்டு பேருக்கும் ஒரே மெரிட் லிஸ்ட் போடச் சொல்லிருச்சு. அதுக்கு 27 வயசுக்குள்ள இருக்கணும், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, லா டிகிரில 55 சதவீதம் வேணும், க்ளாட் பிஜி (எல்.எல்.எம். சேர எழுதற நுழைவுத் தேர்வு) ஸ்கோரும் கேக்கறாங்க. மார்க் இப்ப எவ்ளோல நிக்குதுன்னு பாருங்க, அரியர் இருந்தா மொதல்ல அத முடிங்க.

அடுத்த லீவுல பெரிய ஹைகோர்ட் சேம்பர் தேடாம உங்க ஊர் மாஜிஸ்ட்ரேட் கோர்ட் ஏபிபி கிட்ட போய் ஒரு மாசம் கூட நிக்கறேன்னு கேளுங்க. சார்ஜ் ஷீட்ட எப்படி படிக்கறாங்க, கோர்ட்டுக்கு வந்தப்பறம் பல்டி அடிக்கற சாட்சிய எப்படி குறுக்கு விசாரணை பண்றாங்கன்னு கிட்ட இருந்து பாத்தா, இந்த வேலை உங்களுக்கு ஒத்து வருமான்னே தெரிஞ்சிரும்.